வீட்டில் படிக்கும் பதின்ம வயதினருக்கு மொழிப்பாட நூல் தேர்வு: டர்பன் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பதென்று முடிவெடுத்ததும் பெரும்பாலான பெற்றோர் நேராகப் புத்தகக் கடைக்குத்தான் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிள்ளை எழுதிய ஒரு பக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

1. எழுதச் சொல்லுங்கள்

அவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி, ஆங்கிலத்திலோ தமிழிலோ, ஒரு பக்கம் போதும். சிவப்பு மையை எடுக்காமல் படியுங்கள். "காவடிக்கு நிறையப் பேர் வந்தார்கள். மிகவும் அழகாக இருந்தது" என்று எழுதியிருந்தால் அதில் இலக்கணப் பிழை இல்லை. கண்டது எதுவும் எழுத்தில் வரவில்லை, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு இலக்கணப் பயிற்சி நூல் வாங்குவது வீண் செலவு. "யார் வந்தார்கள்? தரை எப்படி இருந்தது?" என்று கேட்டுத் திரும்ப எழுத வையுங்கள். "வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. மாமா காவடியோடு கால் மாற்றி மாற்றி நின்றார்" என்று வரும். இப்படிக் கேள்வி கேட்டு, திருத்தி எழுத வைக்கும் நூலைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

2. எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு வரை வீட்டுவழிக் கல்விக்கு மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். அதற்கு மேல், எழுதப்போகும் தேர்வுக்கு ஏற்பவே நூல்கள் அமையும். பன்னிரண்டாம் வகுப்பு தேசியத் தேர்வில் ஆங்கிலம் தாய்மொழிப் பாடத்துக்கு மூன்று தாள்கள்: மொழி 70, இலக்கியம் 80, எழுத்து 100 மதிப்பெண். எழுத்துத் தாளில் கட்டுரைக்கு 50. கடிதம், அறிக்கை போன்ற இரண்டு பயன்பாட்டு எழுத்துகளுக்குத் தலா 25. அதிக மதிப்பெண் எழுத்துக்கு இருக்க, நாம் வாங்கிக் குவிப்பது இலக்கண நூல்களை! பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் தேர்வென்றால் தாள்களின் அமைப்பே வேறு.

பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் அவற்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

3. நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்

அட்டையையும் முன்னுரையையும் நம்பாதீர்கள். உள்ளே கோடிட்ட இடம் நிரப்புவது மட்டுமே இருந்தால் நூலை வைத்துவிடுங்கள். சுமாரான விடையையும் நல்ல விடையையும் அருகருகே காட்டி வேறுபாட்டை விளக்கும் நூல் கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம். கதைப் புத்தகங்களுக்கு நூலகம் போதும்.

4. தமிழை விட்டுவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் கோயில் தேவாரத்தில் மட்டுமே தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்பு நூலை நீட்டினால் மிரண்டுபோவான். மூன்றாம் வகுப்பு நூலைக் கொடுத்தாலோ பதினான்கு வயதுக்கு அது கூச்சம்.

இந்த இடத்தில் நான் பெரிதும் நம்புவது வீட்டுப் பெரியவர்களைத்தான். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது. அதன் பிறகு உங்கள் குடும்பம் எந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தது, எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது என்று ஆயாவிடம் கேட்டு வாரம் ஐந்து வரி தமிழில் எழுதட்டும். எழுதியதை அவரிடமே உரக்கப் படித்துக் காட்டட்டும். புரியாத இடத்தில் அவரே நிறுத்திக் கேட்பார்.