ஞாயிறு வாசகம்: மார்த்தாவைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள்

கத்தோலிக்கத் திருப்பலியில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். அதில் மூன்றாம் ஆண்டு, பொதுக்காலம் (பெருவிழாக் காலங்களுக்கு வெளியே உள்ள வாரங்கள்) 16ஆம் ஞாயிறு. நற்செய்தி மார்த்தா, மரியா கதை (லூக்கா 10:38-42). வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் அமர்ந்து மரியா கேட்டுக்கொண்டிருக்க, பணிவிடையில் பரபரத்த மார்த்தாவிடம், மரியாதான் நல்லதைத் தேர்ந்தெடுத்தார் என்கிறார் இயேசு. விடியற்காலையிலேயே எழுந்து கறிக்குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டுப் பூசைக்கு ஓடி வந்த பெண்களிடம், ‘அடுப்படியை விடுங்கள், ஆண்டவரின் காலடியில் உட்காருங்கள்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அம்மா ஒருமுறை வீடு திரும்பும் வழியில் கேட்டார்: “எல்லாரும் உட்கார்ந்துட்டா சோறு யார் ஆக்குறது?”

நியாயமான கேள்விதான். ஆனால் கோளாறு நற்செய்தியில் இல்லை. அதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக் கேட்கிறோமே, அதுதான் முதல் தவறு.

அதே ஞாயிறு முதல் வாசகம், விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் 18ஆம் அதிகாரம். நல்ல வெயில் நேரம். மம்ரேயில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபிரகாம், மூன்று பேரைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார். மூன்று மரக்கால் மாவைப் பிசைந்து அப்பம் சுடும்படி மனைவி சாராவை அவசரப்படுத்துகிறார். மந்தைக்கு ஓடி ஓர் இளங்கன்றைப் பிடித்து வருகிறார். வாசகம் முழுக்கச் சமையல் பரபரப்பு! யாரும் அதைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிட்ட விருந்தாளிகள் பிள்ளை பிறக்கும் என்ற வாக்கைக் கொடுக்கிறார்கள். பதிலுரைப் பாடலும் (திருப்பாடல் 15) ஆண்டவரின் கூடாரத்தில் யார் தங்கலாம் என்றுதான் கேட்கிறது. பாட்டு நேரம்தானே என்று அதை விட்டுவிடுகிறோம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு மார்த்தாவிடம் வாருங்கள். இயேசு குறை சொல்வது சமையலை அல்ல. கவலைப்பட்டுக் கலங்குவதைத்தான். சகோதரி உதவவில்லை என்ற புகாரை வந்த விருந்தாளியிடமே கொண்டுபோய்ப் பஞ்சாயத்துக்கு வைக்கிறார் மார்த்தா. நம் வீட்டு விசேஷங்களில் பார்க்காததா என்ன!

சரி, அப்படியானால் எல்லா வாசகங்களையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டுமா? வேண்டாம், அதுவும் தவறுதான். பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டாம் வாசகம் தன் போக்கில் வாராவாரம் தொடர்ந்து போகும். அன்று கொலோசையர் திருமுகம் (கொலோசை நகரக் கிறிஸ்தவர்களுக்கான பவுலின் கடிதம்) வருவது, முந்தைய வாரம் தொடங்கியது இன்னும் முடியவில்லை என்பதால்தான். மார்த்தாவுக்கும் அதற்கும் உறவு தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்திலும் கதை வேறு, அங்கே மூன்றும் ஒரே பொருளை நோக்கி வரும். உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த பாஸ்கா காலத்திலோ முதல் வாசகமே பழைய ஏற்பாடாக இருக்காது. புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூல் வரும்.

போன வாரத்தை மறந்துவிடுவது இன்னொன்று. மார்த்தாவுக்கு முந்தைய ஞாயிறு, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியர் உவமை: போய் அப்படியே செய் என்கிறார் இயேசு. அடுத்த ஞாயிறு சீடர்களுக்கு இறைவேண்டல் கற்றுத் தருகிறார். செயல், கேட்டல், செபம் என்று லூக்கா வரிசையாக வைத்திருப்பதை, ஞாயிறுக்கு ஞாயிறு புதிதாகத் தொடங்கினால் பார்க்கவே முடியாது.

வாசகம் முடிந்த இடத்தில் கதையும் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆபிரகாமின் கதை சொல்லும் அன்றைய முதல் வாசகம் 10ஆம் வசனத்தின் பாதியில் நின்றுவிடுகிறது. கூடாரத்துக்குள் சாரா சிரிப்பது 12ஆம் வசனத்தில்தான். இந்த வயதில் எனக்குப் பிள்ளையா என்ற அந்தச் சிரிப்பைக் கேட்க வீட்டில் விவிலியத்தைத் திறக்க வேண்டும்.

அப்புறம், வாசகத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைக்கும் பழக்கம். நான் இந்த வரிதண்டுபவரைப் போல இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்ன பரிசேயரின் உவமையைக் கேட்டதும் இன்னார்தான் அந்தப் பரிசேயர் என்று மனதுக்குள் பெயர் ஓடினால், அந்த நிமிடம் பரிசேயர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மார்த்தா ஞாயிறு இனி 2028 ஜூலையில்தான் வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய புனித வாரத்தின் திங்கட்கிழமை யோவான் 12ஆம் அதிகாரம் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகிறது. பெத்தானியா ஊர், அதே குடும்பம். மரியா இயேசுவின் காலடியில்தான் இருக்கிறார். இறந்து உயிர்பெற்று எழுந்த அவர்களின் சகோதரர் லாசர் பந்தியில். மார்த்தா? உணவு பரிமாறிக்கொண்டிருக்கிறார். இந்த முறை அவரிடமிருந்து புகாரும் இல்லை, அவருக்குக் கண்டிப்பும் இல்லை. அம்மாவுக்கு அந்த வசனத்தைக் காட்டியபோது, “பாத்தியா, கடைசில அவதான பரிமாறுறா” என்றார்.