முருங்கையில் கம்பளிப்பூச்சியா? அரிவாளை எடுக்காதீர்கள்

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கொண்டால், பல வீடுகளில் மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். தேவையே இல்லை. இந்தப் புழு ராத்திரியில் மேலேறி இலையைத் தின்னும். பகலில் இறங்கி, அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். நமக்கு வாய்ப்பு அந்தப் பகல்நேரம்தான்.

அதை விட்டுவிட்டு இலையெல்லாம் மருந்தடிப்பது பெரிய தவறு. நாளைக்கே பொரியலுக்குப் பறிக்கப்போகும் கீரை அது! கரப்பான் மருந்து, பருத்திக்கு வாங்கிய மருந்து எதையும் அதன்மேல் அடிக்காதீர்கள். பூவுக்கு வரும் தேனீயும் சாகும், அப்புறம் காய் எங்கே பிடிக்கும்?

இன்னொன்று, காய்ந்த விளக்குமாற்றால் தட்டிவிடுவது. சுணை காற்றில் பறந்து கழுத்திலும் கண்ணிலும் ஒட்டும். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம்தான். ஆனால் வீட்டை ஒட்டி நிற்கும் மரத்தில் அது ஆபத்து, பட்டையும் கருகும். அதற்குப் பதில், முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, கெட்டியாகக் கரைத்த சோப்புத் தண்ணீரைக் கூட்டத்தின்மேல் முழுக்க நனைய அடியுங்கள். ரோமம் படிந்து, மூச்சுத்துளை அடைபட்டு, புழு உதிரும். ஈரம் காயுமுன் மண்வெட்டியால் வாரிக் குழியில் மூடிவிட வேண்டும். மறுநாள் திரும்பப் பாருங்கள், மிச்சம் இருக்கும்.

சுணை பட்டுவிட்டால் சொறியக் கூடாது, சொறிந்தால் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், தண்ணீர் விட்டு அலசிக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

எட்டாத கிளையில் குஞ்சுப் புழு இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கலந்து சாயங்காலம் அடிக்கலாம். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். முற்றிய புழுவுக்கு இது அவ்வளவாகக் கேட்காது.

புழு போனதும் மறந்துவிடுவதும் தவறுதான். தப்பியவை மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிக் கிடந்து, மழை பெய்ததும் அந்துப்பூச்சியாகக் கிளம்பும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் மைனாவும் கோழியும் பொறுக்கித் தின்றுவிடும். முட்டைக் குவியல் இருக்கும் இலை கண்ணில் பட்டால் அப்படியே கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.