தெருப் பெண்களை நடக்கக் கூட்டிப் போவது எப்படி

"உடம்பு குறையும், வாங்க" என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். எடைப் பேச்சையே எடுக்காதீர்கள். மூட்டுவலி, சர்க்கரை, ராத்திரித் தூக்கம் என்று பேசுங்கள், காது கொடுப்பார்கள்.

அப்புறம் நேரம். காலை ஐந்தரை மணி நல்ல நேரம் என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். மதுரையில் எங்கள் தெருவில் அப்போதுதான் குழாயில் தண்ணீர் வரும், அடுப்பில் குக்கர் ஏறியிருக்கும். அதனால் பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு, வாசலிலிருந்தே நடக்க ஆரம்பித்துவிடுங்கள். வீட்டை விட்டு எப்படியும் வெளியே வந்தாயிற்று, இதற்கென்று தனியாக யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். முதல் வாரம் கால் மணி நேரம் போதும். கோடை விடுமுறையில் வெயில் தாழ்ந்த பிறகு போகலாம்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்பார்கள். மறுக்காதீர்கள், உலக சுகாதார நிறுவனமும் வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகம் வேண்டும்: பேச முடியணும், பாட முடியக் கூடாது. 2022 கணக்குப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 42 சதவீதம். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த வீடுகளில் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்று பாருங்கள்.

ஒருத்தி திடீரென வராமல் நின்றுவிட்டால் தனியாகக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இருமினாலும் வேகமாக நடந்தாலும் சிறுநீர் கசியும். வெளியே சொல்லக் கூசி, "கால் வலிக்குது அக்கா" என்று வீட்டோடு இருந்துவிடுவார்கள். இதற்குப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை மேலே இழுத்து இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போதும் செய்யக் கூடாது. மூன்று மாதம் விடாமல் செய்தால் நிறையப் பேருக்குக் குறையும். குறையாவிட்டால் மகளிர் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.

சேலைக்கு ஷூ போட வெட்கப்பட்டால் பின்பட்டை வைத்த செருப்பு போதும்.

மாமியார் முகம் சுளிக்கிற வீட்டில், முதலில் மாமியாரைக் கூப்பிடுங்கள். "பெரியம்மா, சுகருக்கு நல்லது, நீங்களும் மருமகளும் சேர்ந்தே வாங்க." முழங்கால் வலிக்காரர் என்றால் பாதி வழியில் ஒரு திண்ணையோ பெஞ்சோ இருக்கிற தெருவாகப் பார்த்துப் போங்கள்.