கழுத்துக் காயங்களை ஆராய்ந்து இறப்பின் காரணத்தை முடிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாவடி எலும்பு முறிந்திருந்தால் அது கொலைதான் என்ற நம்பிக்கை, காவல் துறையினர், வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள் என எல்லோரிடமும் வேரூன்றியிருக்கிறது. கழுத்துக் காயங்களைப் பற்றிய தவறான எண்ணங்களில் இதுவே மிகவும் தீங்கானது என்பேன். குரல்வளைக்கு மேலே லாட வடிவில் அமைந்த இந்த எலும்பின் பகுதிகள் இளம் வயதில் ஒன்றாக இறுகாமல் வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற அவை இணைந்து, எளிதில் முறியும் நிலையை அடையும். ஆகவே, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட இளைஞரிடம் அது முழுமையாக இருக்கலாம். தூக்கில் இறந்த முதியவரிடம் முறிந்திருக்கலாம்.

2019 ஆகஸ்டில் நியூயார்க் சிறையில் பாலியல் குற்றச்சாட்டில் அடைக்கப்பட்டிருந்த 66 வயதான அமெரிக்கச் செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இறந்தபோது இந்தச் சர்ச்சையே எழுந்தது. அவருடைய நாவடி எலும்பும் குரல்வளையிலுள்ள தைராய்டு குருத்தெலும்பும் முறிந்திருந்ததைச் சுட்டி, குடும்பத்தின் சார்பில் உடற்கூறாய்வைப் பார்வையிட்ட தடயவியல் மருத்துவர் மைக்கேல் பேடன் கொலைக்கே வாய்ப்பு அதிகம் என்றார். நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் பார்பரா சாம்ப்சனோ, எந்த ஒரு அறிகுறியையும் தனித்துப் பார்க்கக் கூடாது என்று கூறி, தற்கொலை என்ற தம் முடிவில் நின்றார். அந்த வயதில் எலும்பு முறிவு மட்டும் இரண்டில் எதையும் உறுதி செய்யாது.

அடுத்த தவறு பிண அறையிலேயே நிகழ்கிறது. ரத்தம் வடிவதற்கு முன்பே கழுத்தைத் திறந்தால், அறுபடும் நாளங்களிலிருந்து கசியும் ரத்தம் திசுக்களில், குறிப்பாக உணவுக்குழாய்க்குப் பின்புறம் படிந்து, உயிருள்ளபோது ஏற்பட்ட காயத்தின் ரத்தக்கசிவைப் போலவே தோன்றும். 1951இல் பிரின்ஸ்லூ, கார்டன் ஆகிய இருவரும் இந்தப் பொய்த்தோற்றத்தை விளக்கினார்கள். இதைத் தவிர்க்க, முதலில் மூளையையும் மார்பு உறுப்புகளையும் வெளியே எடுத்து, கழுத்து நாளங்களில் தேங்கிய ரத்தம் வடிந்தபின், தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அவசரத்தில் இந்த வரிசையை மாற்றினால், ஒரு நிரபராதியின் மேல் கொலைப் பழி விழக்கூடும். உறுப்புகளை இழுத்து எடுக்கும்போதே எலும்பு முறிவதும் உண்டு. நாவடி எலும்புக்கு அருகே சிலருக்கு இயல்பாகவே அமைந்திருக்கும் சிறு குருத்தெலும்பு மணியை முறிந்த துண்டு என்று எண்ணியவர்களும் இருக்கிறார்கள்.

தோலில் காணும் கயிற்றுத் தடத்தையும் இதே எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். சாய்ந்து மேலேறும் தடம் தூக்கையும், கழுத்தைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடும் தடம் நெரித்தலையும் பொதுவாகச் சுட்டும் என்றாலும், இரண்டுக்கும் விதிவிலக்குகள் உண்டு. இறந்தபின் கட்டப்பட்ட கயிறும் தடம் பதிக்கும். குழந்தையின் கழுத்து மடிப்பும், அழுகி உப்பிய உடலில் இறுகிய சட்டைக் காலரும்கூடச் சுருக்குத் தடம்போலத் தோற்றமளிக்கும். கண் இமையின் ஊசிமுனை ரத்தப்புள்ளிகள் இதய நோயால் இறந்தவர்களிடமும் காணப்படுவதால், மூச்சுத் திணறலுக்கு அவற்றை மட்டுமே சான்றாகக் கொள்ள முடியாது.

இறந்த இடத்தைப் பற்றிய குறிப்புகளும் படங்களும் இல்லாமல் மருத்துவர் கருத்துச் சொல்ல நேர்வது வேதனைக்குரியது. கழுத்திலுள்ள கயிற்றை அகற்றும்போது முடிச்சை அவிழ்க்காமல், அதிலிருந்து விலகிய இடத்தில் வெட்டி, வெட்டிய முனைகளை நூலால் கட்டிப் பாதுகாத்து அனுப்ப வேண்டும். உடல் மிகவும் அழுகியிருந்து தடயங்கள் போதவில்லையெனில், இறப்பின் காரணத்தை உறுதி செய்ய இயலவில்லை என்று காரணங்களுடன் அறிக்கையில் எழுதுவதே முறையான கருத்தாகும்.