டாக் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

லட்ச ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு எந்த டாக் (டிஏசி, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாட்டு ஓடாதபோது உங்கள் ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது என்பதைத்தான். வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் வைத்து, எதையும் ஓட்டாமல், ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) பக்கம் காதைக் கொண்டு போங்கள். லேசாக உஸ் என்றால் பரவாயில்லை. ங்ங்ங் என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அது கரண்டிலிருந்து வருவது, எவ்வளவு விலை கொடுத்து டாக் வாங்கினாலும் பெரும்பாலும் அது போகாது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தபோது எனக்கு இதுதான் நடந்தது. டாக்கைச் சந்தேகப்பட்டு அதை விற்றேன், விலை கூடிய இன்னொன்றை வாங்கினேன், ரீங்காரமும் கூடவே வந்தது. ஒரு நாள் தற்செயலாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், சத்தம் நின்றது. லேப்டாப் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் ஹாலின் அந்தக் கோடியில் இன்னொரு பிளக்கில், இரண்டின் எர்த்தும் யுஎஸ்பி கேபிள் வழியாக ஒரு வளையம் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகினேன், பாதி குறைந்தது. யுஎஸ்பியை விட்டு ஆப்டிகல் கேபிளுக்கு மாறினேன், முழுதாகப் போய்விட்டது, ஏனென்றால் ஆப்டிகலில் வருவது வெளிச்சம், செம்புக் கம்பி இணைப்பே கிடையாது. சிலர் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகச் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, டாக்குக்கு வருவோம். 1982-இல் வந்த சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபல். இன்று 15,000 ரூபாய்க்கு உள்ளேயே 110 டெசிபலைத் தாண்டும் டாக் கிடைக்கிறது. நம்மிடம் இருக்கும் பழைய தமிழ்ப் பாட்டு ரெக்கார்டிங்கில் டேப்பின் இரைச்சலே அதைவிட எத்தனையோ மடங்கு மேலே நிற்கிறது. அதனால் 118-ஆ 123-ஆ என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

டாக்கின் உள்ளே இருக்கும் சிப்பின் பேரைப் பார்த்தும் வாங்காதீர்கள். 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் கம்பெனியின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது, சிப் கிடைக்காமல் பல டாக் கம்பெனிகள் இஎஸ்எஸ் என்ற வேறொரு கம்பெனியின் சிப்புக்கு மாறின, ஆர்எம்இ கம்பெனியும் தன் ஏடிஐ-2 டாக்கில் அப்படி மாற்றியது. சிப்பைச் சுற்றி இருக்கும் சர்க்யூட்டும் பவர் சப்ளையும்தான் பெரிய வேலை. எம்க்யூஏ என்ற ஆடியோ ஃபார்மட்டின் முத்திரைக்கும் கூடுதலாக ஒரு பைசா தராதீர்கள், அந்தக் கம்பெனி 2023-இல் நொடித்து வேறொருவர் கைக்குப் போனது.

அப்புறம் இந்த ஆர்-2-ஆர் (ரெசிஸ்டர் வரிசையால் மாற்றுவது), நாஸ் (ஓவர்சாம்ப்ளிங், அதாவது சாம்பிள்களுக்கு நடுவே கணக்கிட்டு நிரப்பும் வேலை, செய்யாதது) வகை. கேட்க இதமாக இருக்கிறது என்பார்கள், இருக்கலாம், ஆனால் ஓவர்சாம்ப்ளிங் இல்லாமல் 44.1-ஐ ஓட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும், அந்த இதத்தில் ஒரு பங்கு அதுதான். பிடித்திருந்தால் வாங்குங்கள், உள்ளே ஏதோ மந்திரம் இருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பிறகு எதற்குத்தான் கூடுதல் காசு? என்னைக் கேட்டால் முதலில் ஈக்யூ, அதாவது வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசர். புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பாருங்கள், உயரமான கூரை, தடித்த சுவர், காலுக்குக் கீழே வெறும் டைல்ஸ். மிருதங்கத்தின் தொப்பி அடித்தால் அறை முழுக்கக் கும்மென்று நிற்கும். அந்த ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை நாலைந்து டெசிபல் இறக்க வசதி உள்ள டாக், அது இல்லாத இரண்டு மடங்கு விலை டாக்கைவிட உங்கள் காதுக்கு அதிகம் உதவும். அதற்கும் முன்னால் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள், செலவு குறைவு. அடுத்து ரிமோட், சுத்தமான வால்யூம், ஆம்ப்ளிஃபயரில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள பெரிய சாக்கெட்) இருந்தால் பேலன்ஸ்டு அவுட்புட், அதாவது வெளி இரைச்சலைத் தானே கழித்துவிடும் இணைப்பு. ஆர்சிஏ-வில் (சிவப்பு, வெள்ளை வட்டச் சாக்கெட்) 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட் என்பது வழக்கமான அளவு. அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயர் 200 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சத்தம் கொடுத்துவிடும், 2 வோல்ட்டைக் கொடுத்தால் குமிழை ஒரு விரற்கடை திருப்புவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். அதற்கு அவுட்புட் அளவைக் குறைக்கும் வசதி வேண்டும்.

டிவியை இணைப்பதாக இருந்தால் டிவியின் செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஆடியோ) என்று மாற்றுங்கள். பெரும்பாலான டாக்குகளுக்கு டால்பி புரியாது, சத்தமே வராது, நீங்கள் டாக் பழுது என்று திருப்பி அனுப்புவீர்கள். ஆண்ட்ராய்டு போனிலிருந்து யுஎஸ்பியில் கொடுத்தால் டாக்கின் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். சிடி தரப் பாட்டுக்கு 44.1 என்று காட்டாமல் 48 என்று காட்டினால் போன் நடுவில் மாற்றி அனுப்புகிறது.

ஒப்பிட்டுக் கேட்காமல் மட்டும் வாங்காதீர்கள். சென்னைக்கு ஈசிஆரில் 150 கிலோமீட்டர் போய் ஷோரூமில் கேட்கிறீர்களா, உங்கள் பழைய டாக்கையும் ஒரு மல்டிமீட்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், விற்பவருக்கும் அது தெரியும். அதனால் இரண்டு டாக்கின் சத்தத்தையும் சமமாக்க 60 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டுங்கள் (சாதாரண மல்டிமீட்டர் இதுமாதிரிக் குறைந்த அதிர்வெண்களில்தான் சரியாகக் காட்டும்), ஏசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆர்சிஏ-வின் நடுப்புள்ளியிலும் கறுப்பை வெளி வளையத்திலும் தொடுங்கள். ஒன்று 2.00, மற்றொன்று 2.02 வோல்ட் என்ற அளவுக்குள் வந்தால் போதும். பிறகு கூட வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். பத்து தடவையில் ஐந்தாறுதான் சரியாகச் சொன்னீர்கள் என்றால் வெறும் ஊகம்தான், பேசாமல் ஈசிஆரில் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பின்பக்கம் 115/230 ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 230-க்குத் தள்ளிய பிறகே பிளக். வாரண்டிக்கு எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடல் பக்கம் வீடு என்றால், தேவனாம்பட்டினமோ குருசுக்குப்பமோ, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆர்சிஏ பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும், கரகர சத்தம் அதிலிருந்துதான், கான்டாக்ட் கிளீனரில் துடைத்தால் போகும். காற்றுத் துளைகள் பெரிதாக உள்ள பெட்டி வேண்டாம், சூட்டுக்கு எறும்பு குடியேறும், எனக்கு ஒரு முறை பல்லி. இடி இடிக்கும் ஐப்பசி கார்த்திகையில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள், டிஷ் கேபிளையும் சேர்த்து.