‘ஒரு கிழமையில வீட்டை விடுங்கோ’: வீட்டுக்காரர் மிரட்டினால் வாடகைக்கு இருப்பவர் செய்ய வேண்டியவை

கடந்த மாரியில் எங்கள் வாடகை வீட்டின் மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்று நீரில் நாற்றம் எடுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல் என்பதால் குழியில் இருப்பது கிணற்றுக்குப் போய்ச் சேர நெடுநாள் எடுக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று தடவை சொன்னோம். பயன் கிடைக்காததால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் எழுத்தில் முறையிட்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, குழியைத் திருத்தும்படி உரிமையாளர் தரப்புக்கு அறிவித்தல் கொடுத்தார். நான் முறையிட்ட ஐந்தாம் நாள், டிசம்பர் 9 ஆம் திகதி மாலை, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் படலையடியில் நின்றபடியே, “ஒரு கிழமையில வீட்டை விடுங்கோ, கொம்பிளெயின்ற் குடுக்கிற ஆக்களுக்கு இஞ்ச வீடு இல்லை” என்றார். பத்து வயது மகள் என் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மாலையிலிருந்து கற்றுக்கொண்டவற்றைச் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணி வேண்டும். அதற்கு முந்திய நாட்களில் என்ன செய்தோம் என்பதில்தான் பெரும்பாலும் வழக்கின் போக்குத் தங்கியிருக்கிறது.

1. அன்றிரவே எழுதி வையுங்கள்

படலையடியில் நின்று வாதாட வேண்டாம். உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, நேரம், சொன்னவர், அவர் சொன்ன சொற்கள், அருகில் நின்றவர்கள் ஆகியவற்றைச் சொன்னது சொன்னபடியே எழுதுங்கள். தொலைபேசிக் குறிப்பை விடக் கொப்பியையே நான் நம்புகிறேன். தைத்த பக்கங்களில் நாள் ஒழுங்கில் எழுதியதை இடையில் செருகியது என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. அதே கொப்பியின் முதற் பக்கங்களில், முறைப்பாடு கொடுத்த நாளையும் பரிசோதகர் வந்த நாளையும் எழுதிவிடுங்கள். முறைப்பாட்டுக்கும் மிரட்டலுக்கும் இடையில் ஐந்து நாட்களே இருந்தன என்பதை அந்த வரிசை எவருடைய விளக்கமும் இல்லாமல் காட்டிவிடும்.

வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த குரற்பதிவுகளை அழிக்காதீர்கள். அவை வந்த தொலைபேசியையும் விற்றுவிடாதீர்கள். ஒலிப்பதிவுகளைச் சாட்சியாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளிக்கிறது. ஆனால் விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்னரே மற்றத் தரப்புக்கு அதுபற்றி அறிவிக்க வேண்டும் என்பதால், உங்களிடம் பதிவு இருப்பதை முதற் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.

2. நீங்கள் எந்த வகை வாடகையாளர் என்று அறியுங்கள்

அயலவர் சொல்லும் ஆலோசனை உங்களுக்குப் பொருந்துமா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட பழைய வீடு ஒன்றில் நீங்கள் இருந்தால், உங்களுக்கு வலுவான பாதுகாப்பு உண்டு. மூன்று மாத வாடகை நிலுவை, உரிமையாளரின் சொந்தக் குடியிருப்புக்கான நியாயமான தேவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டமை போன்ற, சட்டம் வரையறுத்துச் சொல்லும் காரணங்கள் இல்லாமல் உங்களை எழுப்ப வழக்கே போட முடியாது. ஆனால் 1980 ஜனவரி 1 இற்குப் பின் கட்டப்பட்டு வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளை 1980 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. போருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எழுந்த வீடுகள் எல்லாம் இதற்குள் அடங்கும். எங்கள் வீடு 2011 இல் கட்டப்பட்டது.

அந்த விலக்கு, உரிமையாளர் நினைத்த நேரத்தில் உங்களை வெளியேற்றலாம் என்று பொருள்படாது. எழுத்தில் எதுவும் இல்லாமல் மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவருக்கும், முழுதாக ஒரு மாதத்தை உள்ளடக்கி மாத முடிவில் முடிவடையும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். டிசம்பர் 9 ஆம் திகதி கொடுத்த அறிவித்தல் ஆகக் குறைந்தது ஜனவரி 31 வரை போக வேண்டும். ‘ஒரு கிழமை’ என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை ஒப்பந்தம் உங்களிடம் இருந்தால், அதன் காலம் முடியும் வரை ஒப்பந்தமே உங்கள் கவசம். காலம் முடிந்த பின்னும் இருந்தால், குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீளப் பெறுவதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உரிமையாளர் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான நடவடிக்கை எடுக்கலாம். அந்த வழக்கில் முதற் தவணைக்கு நீதிமன்றம் போகத் தவறியவருக்கு மீள்வது மிகக் கடினம். இவை எந்த வகையிலும் உங்களை வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. உரிமையாளருக்கோ அவருடைய உறவினருக்கோ அது இல்லை.

3. மிரட்டுபவர் யார்?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி முக்கியமானது. உரிமையாளர் கனடாவில் அல்லது லண்டனில் இருப்பார். மைத்துனரோ மருமகனோ இங்கே வாடகை வாங்குவார். அவரிடம் அற்றோர்ணித் தத்துவம் (உரிமையாளர் சார்பில் செயற்பட எழுத்தில் கொடுத்த அதிகாரம்) இருக்கிறதா என்று பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். இருந்தால் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எங்களை மிரட்டியவரிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. உரிமையாளருடன் நான் நேரே பேசியபோது, குழி நிரம்பியதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

4. பதிவுத் தபாலில் ஒரு கடிதம்

கோபத்தை முழுவதும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நான் எழுதியதன் சாரம் இதுதான்: “இன்ன திகதியில் தாங்கள் வாய்மொழியாக ஒரு வாரத்தில் வீட்டை விடும்படி கூறினீர்கள். இது கிணற்று நீர் தொடர்பாக இன்ன திகதியில் நான் செய்த முறைப்பாட்டின் பின் நிகழ்ந்தது. சட்டப்படியான அறிவித்தல் எனக்குக் கிடைக்கவில்லை. வாடகையைத் தவறாது செலுத்தி வருகிறேன், தொடர்ந்தும் செலுத்துவேன். குழியைத் திருத்துவதற்கு வீட்டில் எந்நேரமும் இடமளிக்கத் தயாராக இருக்கிறேன்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். திருத்த விடாமல் தடுத்தது வாடகையாளர்தான் என்று பின்னர் சொல்வதை அது அடைத்துவிடும். தபாற் கந்தோர்ச் சிட்டையைக் கடிதப் பிரதியின் பின்புறத்தில் ஒட்டி வையுங்கள். தெளிவான கையெழுத்தே போதுமானது. தட்டச்சுக் கடைக்கு அலைய வேண்டியதில்லை.

5. வாடகை: நான் தவறிய இடம்

ஜனவரி 5 ஆம் திகதி வழக்கம்போல் வாடகைக் காசை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கையை நீட்டவில்லை. “காசு வேண்டாம், வீட்டை விட்டால் போதும்” என்றார். கொடுக்கப் போனேன், வாங்கவில்லை, இனி அது என் பிழையில்லை என்று எண்ணி, 25,000 ரூபாவையும் உறையிலிட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு கிழமைக்குப் பின் சந்தித்த சட்டத்தரணி முதலில் கேட்டது அந்தப் பணத்தைப் பற்றித்தான். அலுமாரியில் இருக்கும் காசு கொடுத்த வாடகை ஆகாது என்றும், வாங்க மறுத்ததற்குச் சாட்சியே இல்லாமல் நான் நிலுவைக்காரனாகிக்கொண்டிருக்கிறேன் என்றும் அவர் சொன்னபோதுதான் நிலைமை விளங்கியது.

ஏன் மறுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவித்தல் கொடுத்த பின்னும் வாடகையை வாங்கினால், அறிவித்தலைக் கைவிட்டதாக வாதம் எழலாம் என்பது ஒரு காரணம். மற்றது இன்னும் ஆபத்தானது: வாங்காமல் விட்டு மாதங்களைச் சேர்த்து, பிறகு வாடகை நிலுவை என்று வழக்குப் போடுவது. குழிக்காக முறையிட்டதால் எழுப்புகிறார் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, வழக்கேடு முழுவதும் நிலுவையைப் பற்றியே பேசும். பழிவாங்கல் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்க முடியாது. நிலுவை இல்லாதவர் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை வருகிறது.

ஆகவே ஒரு நாளும் பிந்தாமல் இப்படிச் செய்யுங்கள். உரிமையாளரின் வங்கிக் கணக்கு இலக்கம் தெரிந்தால், அதில் வாடகையை வைப்புச் செய்து, குறிப்புப் பகுதியில் எந்த மாத வாடகை என்று எழுதி, வைப்புச் சிட்டையின் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எங்களுக்கு முற்பணம் வைப்பிட்ட பழைய சிட்டையிலிருந்தே கணக்கு இலக்கம் கிடைத்தது. கணக்கு தெரியாவிட்டால் காசுக்கட்டளை எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அது திரும்பி வந்தால் உறையைத் திறக்காதீர்கள். தபால் முத்திரையும் மறுப்புக் குறிப்பும் உள்ள அந்த மூடிய உறையே உங்கள் சாட்சி. கையில் வாங்குபவராயின் பற்றுச்சீட்டு இல்லாமல் இனிக் கொடுக்க வேண்டாம்.

வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. உரிமையாளருக்குப் பதிலாக, அந்தப் பகுதி உள்ளூராட்சி மன்றத்தில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைச் செலுத்தலாம். செலுத்திய திகதியிலேயே உரிமையாளர் பெற்றதாகக் கொள்ளப்படும். நகருக்குள் பழைய வீடொன்றில் இருக்கும் நண்பர் இதைச் சொல்ல, நானும் மாநகர சபைக்குப் போய் ஒரு காலைப் பொழுதைச் செலவழித்தேன். எங்கள் வீடு 1980 இற்குப் பிந்தியது என்பதால் அந்த வழி எங்களுக்கு உதவவில்லை. இரண்டாவது படியை முதலில் முடியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவதும் வேண்டாம். உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்கும் வரை அதுவும் நிலுவைதான்.

6. தண்ணீரை வெட்டினால், பூட்டை மாற்றினால்

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு காலை, கிணற்றடி மோட்டருக்குப் போகும் வயர் சுவரோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. செப்புக் கம்பி புதிதாக மினுங்கியது. அதைத் தொடாமல், திகதி தெரியும்படி படமெடுத்து, கிராம சேவையாளருக்குக் காட்டிவிட்டு, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்தேன். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுவிக்கவும், எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்த பிறகே ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அமைதிக்குப் பங்கம் வரக்கூடிய காணி, வீட்டுத் தகராறுகளுக்கு 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம். அவர்கள் தயங்கினால் நீங்களே சத்தியக் கடதாசியுடன் போகலாம். இதில் நீதிமன்றம் வீடு யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. யார் அதில் குடியிருந்து உடைமையில் வைத்திருந்தார் என்றே பார்க்கும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீளக் குடியிருத்தவும் கட்டளையிடலாம், ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று உறவினர் வீட்டில் தங்கி, ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் எனக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த இரண்டு மாதத்தைத்தான். பேச்சுவார்த்தை நடக்கட்டும், நாட்களை எண்ணிக்கொண்டே பேசுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. கொப்பியையும் சிட்டைகளையும் முழுதாக எடுத்துக்கொண்டு போங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதை வாசித்த ஒரு சகோதரி, சட்டத்தரணியின் கடிதம் வந்ததும் அதை நீதிமன்றக் கட்டளை என்று நினைத்து மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்துவிட்டதாக எழுதியிருந்தார். மனம் மிகவும் நொந்தது. சட்டத்தரணியின் கடிதம் அவருடைய கட்சிக்காரரின் கோரிக்கை மட்டுமே. நீதிமன்ற அழைப்பாணையில் வழக்கிலக்கமும் தவணைத் திகதியும் நீதிமன்ற முத்திரையும் இருக்கும். கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள். அழைப்பாணைக்குத் தவறாமல் நேரில் போங்கள்.

மற்றொருவர், பொலிஸ் நிலையத்தில் இரு தரப்பையும் இருத்திப் பேசியபோது, ‘மாத முடிவில் வீட்டை விடுகிறேன்’ என்ற எழுத்தில் ஒப்பமிட்டுவிட்டார். வாடகைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் பொலிஸாருக்கு இல்லை. ஆனால் ஒப்பமிட்ட எழுத்து பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். ‘சட்டத்தரணியுடன் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லி எழுந்து வாருங்கள்.

எங்கள் விடயம் வழக்குக்குப் போகவில்லை. உரிமையாளரே நேரில் பேசி, பெப்ரவரியில் குழியைத் திருத்துவித்தார். மகளின் பள்ளிக்கூடத் தவணை முடிந்த பின், நாங்களாகவே வேறு வீடு பார்த்து, ஒரு மாத அறிவித்தலை எழுத்தில் கொடுத்து வெளியேறினோம். திறப்பை ஒப்படைத்த அன்று மின்மானியின் இலக்கத்தையும் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, முற்பணத்தில் மீதி எவ்வளவு, எந்த நாளில் திரும்பும் என்று அதே சீ.ஆர். கொப்பியில் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிட்டோம். சாட்சிக்கு முன்வீட்டு ஆசிரியர் ஒப்பமிட்ட பிறகே திறப்பைக் கையில் கொடுத்தேன்.