ஆங்கிலத் தாளோடு நின்றுவிடும் ஆங்கிலம்: கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 2 என்ற பெயரிலும், பொறியியல் கல்லூரிகளில் முதல் இரண்டு பருவங்களிலும் ஆங்கிலம் ஒரு பாடமாக நடத்தப்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் இரண்டாம் பருவத்து ஆங்கிலப் பாடத்தை எடுத்துப் பார்த்தால், ஒப்பிடுதல், காரண காரியத் தொடர்பை எடுத்துரைத்தல், சிக்கலுக்குத் தீர்வு காணுதல், நிகழ்வையும் ஆய்வையும் அறிக்கையாக்குதல் ஆகியவை அலகுகளாகவே அமைந்திருக்கின்றன. இவை அத்தனையும் மற்றப் பாடங்களில் நாள்தோறும் தேவைப்படும் திறன்கள். ஆயினும் பருவத் தேர்வு முடிந்ததும் அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு, ஆய்வகத்திலும் செமினாரிலும் புராஜெக்ட் அறிக்கையிலும் ஒன்றும் கற்காதவர்போல் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு பாடத்தில் பெற்ற திறன் அடுத்த பாடத்துக்குத் தானாகவே வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பின்வருவனவற்றுள் பல அதிலிருந்தே கிளைக்கின்றன.

இது மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் ஆய்வக ரெக்கார்டு. நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை, ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் கரைசலைக் கொண்டு கண்டறியும் முதலாண்டு வேதியியல் சோதனையை எடுத்துக்கொள்வோம். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து நோக்கத்தையும் செய்முறையையும் எழுதி, முடிவு என்ற இடத்தில் ஓர் எண்ணை மட்டும் நிரப்புவது பலரது வழக்கம். அந்த எண் லிட்டருக்கு 450 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அது எதை உணர்த்துகிறது என்பதுதான் கேள்வி. ஐஎஸ் 10500 என்னும் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரநிலை, மொத்தக் கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க வரம்பாகவும் வகுத்திருக்கிறது. இந்நீர் முதல் வரம்பைக் கடந்துவிட்டது, இரண்டாம் வரம்புக்குள் அடங்குகிறது என்று எழுதினால் அது ஒப்பீடு. பிஎச் அளவை நிலையாக வைத்திருக்கும் பஃபர் கரைசல் போதாமல் அது 10க்கு வெகுவாகக் கீழிறங்கியதால் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் நிறமாற்றம் கூர்மையாகத் தெரியவில்லை, அதனால் அளவீட்டில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று எழுதினால் அது காரண காரியம். இவ்விரு வகை வாக்கியங்களையும் ஆங்கில வகுப்பில் பயின்ற மாணவர், ரெக்கார்டில் ஒருமுறைகூட அவற்றை எழுதிப் பார்க்கவில்லை என்றால், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி எழும்போது அவருக்குப் பேச்சு வராததில் வியப்பில்லை. செய்முறையைச் செயப்பாட்டு வினையில் எழுத வைப்பதில் காட்டும் கண்டிப்பில் பாதியையேனும் ஆசிரியர்கள் இந்த முடிவுப் பகுதியில் காட்டினால் மாணவர்களுக்குப் பெரும் நன்மை விளையும்.

தேர்வில் நிகழும் தவறு வேறு வகையானது. வினாவில் உள்ள ஏவல் சொல்லைக் கவனிக்காமல், தலைப்பைக் கண்டதும் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு அடிப்படையான ஓட்டோ சுழற்சியையும் டீசல் எஞ்சினுக்கு அடிப்படையான டீசல் சுழற்சியையும் ஒப்பிடுக என்று 13 மதிப்பெண்ணுக்குக் கேட்டால், இரண்டையும் தனித்தனியே இரண்டு பக்கம் விவரித்து முடித்துவிடுகிறார்கள். ஒப்பீடு ஒரு வரியிலும் இடம்பெறுவதில்லை. முன்னதில் வெப்பம் மாறாக் கனஅளவிலும் பின்னதில் மாறா அழுத்தத்திலும் சேர்க்கப்படுகிறது என்பதையும், அமுக்க விகிதம் சமமாக இருந்தால் ஓட்டோ சுழற்சியின் திறன் கூடுதலாக இருக்கும் என்பதையும், நடைமுறையில் டீசல் எஞ்சின் உயர்ந்த அமுக்க விகிதத்தில் இயங்குவதால் அந்நிலை மாறிவிடுகிறது என்பதையும் ஒன்றோடொன்று பொருத்தி எழுதும்போதுதான் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கிறது.

வாசிப்பைப் பொறுத்தவரை, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டுவது வீண் உழைப்பு. துறைக்கு உரிய கலைச்சொற்களைப் பாடநூலே விளக்கிவிடும். மாணவரை உண்மையில் தடுக்கி விழவைப்பவை எல்லாத் துறைகளிலும் பொதுவாக வரும் அஸ்யூம், இண்டிகேட், சிக்னிஃபிகண்ட் போன்ற சொற்களே. மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இத்தகைய 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அவர் ஆராய்ந்த கல்வி நூல்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுச் சொற்கள் இவையே. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தன் துறை நூலில் அச்சொற்கள் எந்தெந்த வாக்கியங்களில் வருகின்றன என்று குறித்துவருபவர் ஒரே பருவத்தில் மாற்றத்தை உணர முடியும்.

கற்றதை அப்படியே எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதும் தவறுதான். கட்டுரைப் பயிற்சியில் பழகிய அலங்கார முன்னுரை ஆய்வு அறிக்கைக்குப் பொருந்தாது. ஆய்வகத்தில் பழகிய எண்ணும் அட்டவணையும் மட்டும் வரலாற்றுக் கட்டுரையைத் தாங்கா, அங்கே சான்றுகளை எடைபோட்டு ஒரு நிலைப்பாட்டை நிறுவ வேண்டும். இதைவிடவும் கவலை தருவது, உறுதியின் அளவை அறியாமல் எழுதுவது. ஒரு கல்லூரியில் அறுபது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, தமிழக மாணவர்கள் அனைவரும் இப்படித்தான் என்பது நிரூபணமாகிவிட்டது என்று முடிப்பதை ஒரு நல்ல தேர்வாளர் ஏற்கமாட்டார். நிரூபிக்கிறது என்பதற்கும், இவ்வாறு கருத இடமளிக்கிறது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை மதித்து எழுதுவது ஆய்வின் நேர்மையைச் சேர்ந்தது; மொழி நயத்துக்காகச் செய்வதன்று.

புராஜெக்ட் அறிக்கையில், இணையத்தில் கிடைத்த பத்தியை எடுத்து அங்கங்கே சில சொற்களை மட்டும் மாற்றிவிட்டுத் தன் நடையில் எழுதியதாகக் கருதுவோர் மிகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடான ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டி 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். தண்டனைக்கு அஞ்சி, ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருளை ஏமாற்றும் வழிகளைத் தேடுவதைவிட, எழுதும் முறையை மாற்றிக்கொள்வது எளிது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு என்பதை அவர்களே உணர்வதில்லை. மூலப் பத்தியைப் படித்து மூடிவைத்துவிட்டு, அதன் கருத்தை அருகிலிருக்கும் நண்பருக்குத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். புரியாத இடம் அங்கேயே பிடிபட்டுவிடும். பிறகு அந்தக் கருத்தைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக, தமிழ் வாக்கியத்தின் வரிசையை அப்படியே பெயர்க்காமல் எழுதி, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து, கடைசியில் மூலத்தைத் திறந்து தரவுகள் சரியாக உள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.